கம்பெனி டிஸ்க்கை மாற்றாமல் வி-கிராஸுக்கு 265 டயர்

டயர் கடையில் ‘கொஞ்சம் பெரிய டயர்’ என்று வாயைத் திறந்தாலே அலாய் வீல் கேட்லாக்கைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். அகலமான டிஸ்க், மட்கார்டைத் தாண்டி வெளியே தள்ளி நிற்கும் டயர், அதற்கு ஏற்ற மாதிரி வண்டியை உயர்த்த ஒரு லிஃப்ட் கிட். காட்டு வேலைக்கு, அதாவது விளைநிலத்துக்கு, போகிற வண்டிக்கு இந்த மூன்றும் தேவையில்லை என்பது என் தீர்மானம். கம்பெனி கொடுத்த டிஸ்க் (டயர் உட்காரும் உலோகச் சக்கரம்) அப்படியே இருக்கட்டும், அதில் முறையாக உட்காரக்கூடிய பெரிய அளவு எதுவோ அதோடு நிறுத்திக்கொள்வோம் என்று என் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பில் ஐந்து டயரையும் மாற்றினேன். என்ன அளந்தேன், எங்கே உரசியது, எப்படிச் சரிசெய்தோம் என்பதெல்லாம் இதே வேலையில் இறங்கும் ஒருவருக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் காடு டி.கல்லுப்பட்டியைத் தாண்டிப் பேரையூர் பக்கம். முழுக்கக் கரிசல். தார் ரோட்டிலிருந்து உள்ளே போகும் வண்டிப்பாதை கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் களியாக இளகி, சக்கரத்தோடு சேர்ந்து உருண்டு வரும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். டிராக்டர் ஓடி ஓடிச் சக்கரத்தடம் இரண்டும் பள்ளமாகி, நடுவில் மண் மேடு ஏறியிருக்கிறது. அந்த மேட்டில்தான் வண்டியின் பின் கிரவுன் ஹவுசிங் (பின் ஆக்ஸிலின் நடுவே பல்சக்கரங்களை மூடியிருக்கும் இரும்புக் கூடு) தட்டும். கம்பெனியிலிருந்து வந்த ஹைவே டயர் நாலுவழிச் சாலைக்கு அருமையான டயர். இங்கே வந்தால் ஈரத்தில் வழுக்கும், காய்ந்த நேரத்தில் முள் ஏறும்.

லிஃப்ட் கிட் ஏன் வேண்டாம் என்பதற்கு இந்த நடுமேடே பதில். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸிஸ் உயரும், பம்பர் உயரும். பின் ஆக்ஸிலும் கிரவுனும் இருந்த உயரத்திலேயேதான் இருக்கும், ஏனென்றால் அவை சக்கரத்தின் மையத்தோடு கட்டப்பட்டவை. அவற்றைத் தரையிலிருந்து தூக்க டயரின் விட்டத்தைக் கூட்டுவது ஒன்றுதான் வழி.

சரி, எவ்வளவு கூட்டலாம்? என் வண்டியில் வந்த அளவு 245/70 ஆர்16. டயர் அகலம் 245 மி.மீ., அதில் 70 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 16 அங்குல டிஸ்க். பக்கச்சுவர் 171.5 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு, அதோடு 16 அங்குலத்துக்கு 406.4. மொத்த விட்டம் 749 மி.மீ. சொச்சம். இதே கணக்கை 265/70 ஆர்16-க்குப் போட்டால் 777 வருகிறது. விட்டத்தில் 28 மி.மீ. கூடுகிறது, தரையிலிருந்து கிரவுனுக்குக் கிடைப்பது அதில் பாதி, 14 மி.மீ. கேட்கும்போது கொஞ்சமாகத் தெரியும். நடுமேட்டில் உரசிக்கொண்டு போவதற்கும் உரசாமல் போவதற்கும் நடுவே இருப்பது பல நேரம் அந்த ஒன்றரை செ.மீ.தான்.

அடுத்த படி 265/75 ஆர்16. விட்டம் 804 மி.மீ., ஏற்றம் ஏழு சதவீதத்துக்கு மேல். அங்கே போனால் மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரை வெட்ட வேண்டும், பம்பர் ஓரத்தை இழைக்க வேண்டும், சில வண்டிகளில் பாடி மடிப்பைச் சுத்தியலால் மடக்கவும் வேண்டும். வேகமானி, கியர் இழுவை எல்லாம் ஏழு சதவீதம் தள்ளிப்போகும். 265/70-இல் இந்தத் தள்ளல் 3.7 சதவீதம். அங்கேயே நின்றுவிட்டேன்.

விட்டத்தைப் பார்க்கிற அளவுக்கு டிஸ்க்கின் அகலத்தை யாரும் பார்ப்பதில்லை. சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் 16×7ஜே என்று வார்ப்பில் பதித்திருக்கும். ஏழு அங்குல அகலம் என்று அர்த்தம். 265/70 ஆர்16 டயரைப் பொருத்த ஏழு முதல் ஒன்பது அங்குலம் வரை டிஸ்க் அகலம் ஏற்றது. ஆக நம் டிஸ்க் அனுமதிக்கு உட்பட்டதுதான், ஆனால் கீழ் எல்லையில் நிற்கிறது. இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, டிஸ்க் அரை அங்குலம் குறுகினால் டயரின் அகலம் ஏறத்தாழ 5 மி.மீ. குறையும், அதனால் இந்த டயர் எட்டு அங்குல டிஸ்க்கில் நிற்பதைவிட ஒரு செ.மீ. ஒல்லியாக நிற்கும். உரசலுக்கு இது நமக்குச் சாதகம். இரண்டு, பக்கச்சுவர் உள்ளே இழுக்கப்படுவதால் டயரின் நடுப்பகுதி லேசாகப் புடைக்கும். காற்று கொஞ்சம் கூடினாலும் தரையில் படும் ரப்பர் கட்டிகளான பட்டன்களில் நடுவில் இருப்பவை மட்டும் தேயும். காற்று அளவைத் தேடிப் பிடித்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பெனி டிஸ்க்கை விடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு ஆஃப்செட், அதாவது டிஸ்க் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு, முக்கியக் காரணம். வெளியில் விற்கும் அலாய்களில் பல, சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்துபவை. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் தன் மையத்தில் சுழல்வதில்லை. பால் ஜாயின்ட் வழியே போகும் ஓர் அச்சைச் சுற்றி வீசுகிறது. சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறதோ அந்த வீச்சு அவ்வளவு பெரிது. அதே டயர் கம்பெனி டிஸ்க்கில் தப்பித்துப் போகும் இடத்தில், தள்ளிய டிஸ்க்கில் பம்பர் ஓரத்தையும் மட்கார்டையும் இடிக்கும். வீல் பேரிங்கின் மேல் விழும் நெம்பலும் கூடும், பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையைத் திருகும். டிஸ்க்குக்குப் பின்னால் ஸ்பேசர் வில்லை வைத்து வெளியே தள்ளினாலும் இதே கதைதான்.

டயரைப் பொறுத்தவரை, தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான ஆல் டெரைன் வகையில், லேசான கட்டுமானம் உள்ளதை எடுத்தேன். பழைய டயரில் 111எஸ் என்று இருந்தது: ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும், 180 கி.மீ. வேகம் வரை. புதியது 112, அதாவது 1,120 கிலோ. தாங்குதிறன் எண் பழையதைவிடக் கீழே போகவே கூடாது. லாரி டயர் பாணியில் பத்து பிளை கனத்தில் இதே அளவு கிடைக்கிறது. பாறை மேல் ஏறுகிறவர்களுக்கு அது சரி. எனக்கு மூட்டை ஏற்றாத நாள்தான் அதிகம், அந்தக் கனத்தைச் சும்மா சுமப்பதில் லாபமில்லை. மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலை இருக்கிறது, பைக் டயரும் ஆட்டோ டயரும் நம்மூரிலிருந்தே நாடெல்லாம் போகின்றன. ஆனால் இந்த அளவு பிக்கப் ரேடியல் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். வந்ததும் முதல் வேலையாகப் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத் தேதியைப் பார்த்துவிடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்தும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருப்பது நல்லது.

கடைக்காரத் தம்பி டயரைப் பார்த்ததும் சொன்னான்: “265 போட்டா லாக்ல உரசும்ணே. போட்டுட்டு வெட்டிக்கலாம்.” லாக் என்றால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை திருப்பிய நிலை. போட்டுவிட்டு வெட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாலு டயரையும் ஏற்றிய பிறகு பெரிதாக உரசினால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் முதலில் ஒரே ஒரு டயரை ஸ்டெப்னி டிஸ்க்கில் மட்டும் ஏற்றச் சொன்னேன். ஸ்டெப்னி டிஸ்க் இரும்பு, ஆனால் அகலமும் ஆஃப்செட்டும் அலாயோடு ஒன்றுதானா என்று பின்பக்க எழுத்தை வைத்துச் சரிபார்த்துக்கொண்டோம். அதை முன் இடது பக்கம் மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டியின் முழு எடையையும் சக்கரத்தின் மேல் வைத்தோம். தூக்கி நிற்கும் நிலையில் பார்த்தால் எந்த டயரும் உரசாது.

உரசல் எங்கே என்று கண்டுபிடிக்கக் காதை நம்புவதைவிடச் சுண்ணாம்பை நம்பலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, டயரின் இரண்டு தோள்களிலும், அதாவது பட்டனும் பக்கச்சுவரும் சேரும் ஓரங்களில், பிரஷ்ஷால் சுற்றிலும் பூசினோம். பிறகு இடது லாக் முழுக்க அடித்து முன்னே, பின்னே. வலது லாக் அடித்து முன்னே, பின்னே. பின்னே வரும்போதுதான் அதிகம் உரசும் என்பதால் ரிவர்ஸை விடக்கூடாது. அப்புறம் அந்தச் சக்கரத்தை மட்டும் ஒரு மரக்கட்டை மேல் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மறுபடி லாக். மட்டமான தரையில் தப்பித்த டயர் வரப்பு ஏறும்போது மாட்டிக்கொள்வது இந்த நிலையில்தான்.

டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைத் தடம் இரண்டே இடத்தில். சக்கரத்துக்குப் பின்னால் மட் ஃபிளாப்பின் உள் மூலையில் ஒரு கோடு. அதற்குச் சற்று மேலே பிளாஸ்டிக் லைனர் உப்பலாக வரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீற்றல். பம்பர் ஓரத்தில் ஒன்றுமில்லை. உள்ளே, சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இரும்புப் பாகமான நக்கிளின் கழுத்துக்கும் டயரின் பக்கச்சுவருக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது. உலோகத்தில் எங்கும் சுண்ணாம்பு படவில்லை என்று உறுதியான பிறகுதான் மற்ற நாலையும் ஏற்றச் சொன்னேன். நக்கிளிலோ பிரேக் ஹோஸ் பக்கமோ தடம் இருந்திருந்தால் டயரைத் திருப்பியிருப்பேன். பிளாஸ்டிக் உரசல் வேறு, இரும்பு உரசல் வேறு.

மட் ஃபிளாப்பை வெட்டவில்லை. கீழ் ஸ்குரூவைக் கழற்றி, ஃபிளாப்பின் ஓட்டையை நீளவாக்கில் அராவி, ஒரு செ.மீ. பின்னுக்கு இழுத்து, பெரிய வாஷர் வைத்து முடுக்கியதோடு அது முடிந்தது. லைனருக்கு ஹீட் கன். இதில் அவசரம் கூடாது. ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் பளபளத்து உருகி ஓட்டை விழும். ஒரு சாண் தூரத்தில் வைத்து, தீற்றல் இருந்த இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக வீச வேண்டும். கையால் அழுத்தினால் லேசாக நெகிழ்கிறது என்கிற பதம் வந்ததும், ஈரத்துணி சுற்றிய மரக்கட்டையால் உள்ளே தள்ளி, ஆறும் வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அதற்கு முன் லைனரின் கிளிப்பைக் கழற்றிப் பின்னால் ஒயர் ஏதும் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலது பக்கமும் இதே வேலை. மறுபடி சுண்ணாம்பு பூசி லாக் அடித்ததில் லைனர் சுத்தம். தம்பி குனிந்து பார்த்துவிட்டு, “அம்புட்டுத்தேன்ணே, இனி உரசாது” என்றான்.

டயர் ஏற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்த சில விஷயங்கள். டயரின் பக்கச்சுவரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் லேசான இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றினால் பேலன்சிங் எடை குறையும். வால்வு ஐந்தும் புதிது போடச் சொன்னேன். பழைய வால்வு போய்ப் புது டயரைக் கழற்றுவது வீண் வேலை. காற்று அடித்த பிறகு, டிஸ்க் ஓரத்தை ஒட்டி டயரில் சுற்றிவரும் மெல்லிய கோடு எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே இறங்கியிருந்தால் டயர் முழுசாக உட்காரவில்லை. ஒரு சக்கரத்துக்கு பேலன்சிங் எடை நூறு கிராமைத் தாண்டியது. அதன் மேல் ஈயத்தை ஒட்டிக்கொண்டே போகாமல், காற்றை இறக்கி டயரை டிஸ்க்கில் அரைச்சுற்று திருப்பி வைத்ததும் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வீல் நட்டை ஏர் கன்னில் முடிக்க விடாதீர்கள். கன் வைத்து ஓட்டலாம், கடைசி முடுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில். நூறு கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை. அலைன்மென்ட்டும் அன்றைக்கே பார்த்தாகிவிட்டது.

ஐந்தாவது டயர் ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். டயர் ஒன்று பதின்மூவாயிரத்தை ஒட்டி வரும்போது கேட்கத்தான் செய்வார்கள். வி-கிராஸின் ஃபோர் வீல் டிரைவில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. குமிழைத் திருப்பி 4ஹெச் (ஃபோர் வீல் டிரைவ்) போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் பூட்டியது மாதிரி ஒன்றாகச் சுற்றும். பழைய டயரின் சுற்றளவு 2,354 மி.மீ., புதியது 2,442. ஒரு சுற்றுக்கு 88 மி.மீ. வித்தியாசம், கிலோமீட்டருக்குப் பழையது 425 சுற்று, புதியது 409 சொச்சம். காட்டுக்குள் பஞ்சராகி, பழைய அளவு ஸ்டெப்னியை மாட்டி 4ஹெச்சில் வந்தால் அந்த வித்தியாசமெல்லாம், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் இறுக்கமாக ஏறும். ஏபிஎஸ் சென்சாரும் ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றுவதாகப் படிக்கும். பஞ்சராவது பெரும்பாலும் ஃபோர் வீல் தேவைப்படும் இடத்தில்தான். ஆகவே ஐந்து. பெட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் இடத்தில் புது ஸ்டெப்னி இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது. சைலன்சர் குழாய்க்குப் போதுமான இடைவெளி இருப்பதைக் கைவிட்டுப் பார்த்தபிறகே சங்கிலியை முடுக்கினேன்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு பழைய டயருக்கானது, தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். சரியான அளவுக்குப் பள்ளிக்கூட சாக்பீஸ் போதும். டயரின் பட்டன் மேல் குறுக்காக ஒரு தடித்த கோடு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. நேரான, காய்ந்த தார் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கிப் பார்த்தால் கோடு எங்கே அழிந்திருக்கிறது என்று தெரியும். 35 பவுண்டில் நடு மூன்று வரிசை மட்டும் அழிந்து, இரண்டு ஓரமும் வெள்ளையாக நின்றது. குறுகிய டிஸ்க்கில் டயர் புடைக்கும் என்று சொன்னது இதைத்தான். 33-இல் ஓரம் மங்கியது. 31-இல் கோடு முழு அகலத்துக்கும் ஒரே சீராகப் போனது. லோடு இல்லாதபோது நாலு சக்கரத்துக்கும் 31 வைத்திருக்கிறேன். மக்காச்சோள மூட்டையோ உரமோ ஏற்றினால் பின்பக்கம் 40. காலையில், வண்டி ஓடும் முன் அளக்க வேண்டும். மதுரை வெயிலில் ஓடி நின்ற டயரில் நாலைந்து பவுண்டு கூடவே காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கக்கூடாது.

வேகமானியைத் திருமங்கலம் – விருதுநகர் நாலுவழிச் சாலையில் பார்த்தேன். பழைய டயரில் மீட்டர் 80 காட்டும்போது ஜிபிஎஸ்ஸில் 76. இப்போது அதே 80-க்கு 79-ஐ ஒட்டி வருகிறது. கம்பெனி மீட்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், பெரிய டயர் அந்தக் கூடுதலைத் தின்றுவிட்டது. 265/75 போட்டிருந்தால் மீட்டரைவிட வண்டி வேகமாக ஓடியிருக்கும். தூரத்துக்கு ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லே சாட்சி. இருபது கல்லுக்கு மீட்டர் 19.3 காட்டியது. மைலேஜ் கணக்குப் போடும்போது மீட்டர் தூரத்தை 1.037-ஆல் பெருக்க வேண்டும். முன்பு லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி இப்போது 11.2 என்று காட்டுகிறது, பெருக்கினால் 11.6. பெரிய டயரால் மைலேஜ் கொட்டிப்போனது என்று புலம்புகிற பலர் இந்தப் பெருக்கலைப் போடுவதில்லை.

சிறுமலை ரோட்டின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இழுவை குறைந்தது தெரிந்தது. முன்பு மூன்றாவது கியரில் வெளியே வந்த வளைவுகளில் இப்போது இரண்டாவது கேட்கிறது. டயர் ஒன்று நாலு கிலோ கூடுதல் என்பதால் பிரேக் மிதியிலும் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் வேண்டும். பழகிவிட்டது, ஆனால் இறக்கத்தில் முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளியைக் கூட்டிவிட்டேன். மணிக்கு எண்பதுக்கு மேல் டயர் முனகல் கேட்கிறது.

காட்டுப்பாதையில் கிடைத்த பலன் பெரிது. நடுமேட்டில் கிரவுன் தட்டுவது நின்றுவிட்டது. ஓடைக் கல்லில் பக்கச்சுவர் தைரியமாக ஏறுகிறது, கருவேல முள் பட்டனில் குத்தி ஒடிந்து நிற்கிறதே தவிர உள்ளே இறங்குவதில்லை. நனைந்த கரிசலில் மட்டும் யாரும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஆல் டெரைன் பட்டன்களின் இடைவெளி கரிசல் களிக்குப் போதாது, சில சுற்றிலேயே நிரம்பி டயர் மொழுக்கென்று ஆகிவிடும். அந்த நேரம் 20 பவுண்டுக்கு இறக்கினால் தடம் நீண்டு வண்டி மிதந்து வருகிறது. கம்பெனி டிஸ்க்கில் 15-க்குக் கீழே போகக்கூடாது, வளைக்கும்போது டயர் டிஸ்க்கை விட்டு நழுவும். தார் ரோடு ஏறும் முன் திரும்ப அடிக்கப் பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பலத்த மழை பெய்த மறுநாள் அந்தப் பாதையில் எந்த டயரோடும் போகாமல் இருப்பதே வண்டிக்கும் பாதைக்கும் நல்லது.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. சரக்கு வண்டியாகப் பதிந்திருந்தால் ஆர்.சி.யிலேயே டயர் அளவு இருக்கும். அந்த வண்டிக்காரர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் ஒரு டயரும் வாங்க வேண்டாம். நான் டயர் வாங்கும் முன்பே இன்ஷூரன்ஸுக்கு அளவைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பாலிசியோடு வைத்திருக்கிறேன். விபத்து நடந்த பிறகு சர்வேயர் டயரைப் பார்த்துக் கேட்கும்போது பேச அந்தக் காகிதம் வேண்டும்.

இனி பாக்கி இருப்பது ரொட்டேஷன், அதாவது டயர்களை இடம் மாற்றிப் போடுவது. ஐந்தும் ஒரே அளவு என்பதால் ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்த்துவிட்டேன்: பின் இரண்டும் நேராக முன்னுக்கு, முன் இடது குறுக்காகப் பின் வலதுக்கு, முன் வலது பெட்டிக்கு அடியில், ஸ்டெப்னி பின் இடதுக்கு. எட்டாயிரம் கி.மீ.க்கு ஒரு முறை. மீட்டரில் 7,700 ஆகும்போதே அந்த எட்டாயிரம் வந்துவிடும். அன்றைக்கே லைனரிலும் மட் ஃபிளாப் மூலையிலும் புதுத் தடம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் தளர்ந்து வண்டி முன்பக்கம் இறங்க ஆரம்பித்தால் முதலில் தெரிவது அங்கேதான்.